லோயிஸ் மிஸ்ஸின் ஒரிஜினல்கள்

எங்கள் பள்ளிக்கூடத்தில் நாற்பத்திரண்டு ஆசிரியர்கள் வேலை பார்க்கிறார்கள். நாற்பத்திரண்டு பேருடைய ஒரிஜினல் சான்றிதழ்களும் ஆபீஸ் அறையில் உள்ள பச்சை பீரோவுக்குள் இருக்கின்றன. பத்தாவது, பிளஸ் டூ, பட்டம், அதற்கு மேல் படித்திருந்தால் அதுவும். வேலையில் சேருகிற அன்றைக்கே வாங்கி வைத்துவிடுவோம். பாதுகாப்புக்காக என்று சொல்லி வாங்குவது வழக்கம். யாரிடமிருந்து பாதுகாப்பு என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. வருஷத்தின் நடுவில் வேறு பள்ளிக்கூடத்துக்குப் போய்விடாமல் இருக்கத்தான் என்பது வாங்குகிற எனக்கும் தெரியும், கொடுக்கிறவர்களுக்கும் தெரியும். இப்படி வாங்கி வைக்கக் கூடாது என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

பீரோவின் சாவி என்னிடம் இருக்கிறது. என் பெயர் நாகேந்திரன், ஆபீஸ் கிளார்க். பெரிய அதிகாரம் என்று நினைத்துவிட வேண்டாம். என்னுடைய பிளஸ் டூ மார்க் ஷீட்டும் டைப்ரைட்டிங் ஹையர் சான்றிதழும் அதே பீரோவின் கீழ்த்தட்டில்தான் கிடக்கின்றன. தினம் மூன்று தடவை திறந்து மூடுகிறேன். ஒருநாளும் அவற்றை எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகத் தோன்றியதில்லை. என் மகள் இதே பள்ளிக்கூடத்தில் ஃபீஸ் கட்டாமல் எட்டாவது படிக்கிறாள். அதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

நான் சொல்ல வந்தது எங்கள் பி.டி. டீச்சர் லோயிஸ் மிஸ்ஸைப் பற்றி. எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஜூன் மாதம் வேலைக்கு வந்தார். மற்றவர்கள் ஒரிஜினலைக் கொடுக்கும்போது கொஞ்சம் சாமர்த்தியமாக இருப்பார்கள். ‘டிகிரி இன்னும் யூனிவர்சிட்டியில் இருந்து வரலை சார்’ என்று ஒன்றிரண்டை வீட்டிலேயே வைத்துக்கொள்வார்கள். நானும் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவேன். இவர் ஒரு பிளாஸ்டிக் ஃபைலைக் கொண்டுவந்து அப்படியே மேஜைமேல் வைத்தார். உடற்கல்விக்கான பி.பி.எட். பட்டம், கோ-கோவில் மாநிலத்துக்காக விளையாடிய சான்றிதழ்கள் என்று எல்லாம் இருந்தன. கடைசியில் ஞானஸ்நானச் சான்றிதழும் இருந்தது.

“இது இன்னாத்துக்கு மிஸ்? இதை யாரும் கேக்கல” என்றேன்.

“எல்லாத்தையும் குடுக்கச் சொன்னாங்களே சார்” என்றார்.

சிரித்துக்கொண்டே அதை மட்டும் திருப்பிக் கொடுத்தேன். இப்படியும் ஒரு மனுஷி இருப்பாரா என்று வீட்டில் போய்ச் சொன்னேன்.

அவருடைய அப்பா ஞானப்பிரகாசம் மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா இல்லை. தங்கச்சி எவாஞ்சலின் கல்யாணமாகிச் சித்தூர்ப் பக்கம் போய்விட்டாள். லோயிஸ் மிஸ்ஸுக்கு வந்த வரன்கள் எல்லாம் ‘பொண்ணு ட்ராக் பேண்ட் போட்டுகினு கிரவுண்டுல நிக்கிறா’ என்று கேள்விப்பட்டுத் திரும்பிப் போயின. அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அவர் கவலையெல்லாம் ஒன்பது பெண்பிள்ளைகளும் இரண்டு கம்பங்களும்தான்.

பள்ளிக்கூடத்துப் பி.டி. டீச்சர் என்றால் விளையாட்டுச் சொல்லிக் கொடுப்பவர் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். காலையில் பஸ்ஸிலிருந்து பிள்ளைகளை இறக்க வேண்டும். பிரேயரில் வரிசை வளையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ரிப்பன் கட்டாத பெண்ணையும் முடி வெட்டாத பையனையும் பிடித்து நிறுத்த வேண்டும். கணக்கு டீச்சர் வராத பீரியடில் வகுப்பில் போய் உட்கார வேண்டும். ஆண்டுவிழாவுக்குப் பந்தல், சுதந்திர தினத்துக்குக் கொடிக்கம்பம், இன்ஸ்பெக்‌ஷன் வந்தால் டீ. விளையாட்டு பீரியடைப் பரீட்சைக்காகக் கணக்கு டீச்சரே வாங்கிக்கொள்வார். லோயிஸ் மிஸ் இத்தனையும் செய்துவிட்டு, சாயங்காலம் நாலேகால் மணிக்கு மேல், பஸ் கிளம்புவதற்குள் கிடைக்கிற ஐம்பது நிமிஷத்தில் ஒரு கோ-கோ டீமை உருவாக்கினார். மூன்றாம் வருஷமே அந்த டீம் மாவட்டத்தில் இரண்டாவதாக வந்தது. தாளாளர் கோப்பையைத் தன் அறைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

அந்த டீமின் உயிர் மோனிஷா. பொதட்டூர்பேட்டையிலிருந்து வந்து படித்த பெண். வீட்டுக்குள்ளேயே தறி ஓடும் குடும்பம். கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையோடு பாய்ந்து, ஓடுகிறவளைத் தொடுவது கோ-கோவில் ஒரு வித்தை, போல் டைவ் என்பார்கள். மோனிஷா பாய்ந்தால் மண் எழும்பும், ஆள் தெரியாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஜோனல் போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது, பயிற்சியில் பாய்ந்து எழுந்தவள் திரும்பி ஓடப்போனாள். வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அதற்கப்புறம் எழுந்திருக்கவில்லை.

முழங்காலுக்குள் இருக்கும் ஜவ்வு கிழிந்துவிட்டது என்று வேலூரில் சொன்னார்கள். கூடப் போனது லோயிஸ் மிஸ்தான். அங்கிருந்த டாக்டர் திட்டவில்லையாம். பொறுமையாகக் கேள்வி கேட்டாராம். பயிற்சிக்கு முன்னால் என்ன செய்வீர்கள்? தவளைக் குதி நூறு, வாத்து நடை கிரவுண்டைச் சுற்றி இரண்டு ரவுண்டு. தினமுமா? தினமும். இந்தப் பெண் முட்டி வலி என்று சொன்னாளா? சொன்னாள், ஓடினால் சரியாகிவிடும் என்று சொன்னேன். உங்களுக்கு யார் இப்படிச் சொல்லிக் கொடுத்தார்கள்? எங்கள் மாஸ்டர். அவருக்கு?

“அதுக்கு மேல எனக்கு பதில் தெரியல சார்” என்று என்னிடம் சொன்னபோது லோயிஸ் மிஸ் அழுதுகொண்டிருந்தார். அவர் அழுது நான் பார்த்தது அது ஒரு தடவைதான். “பி.பி.எட்.ல முட்டி எலும்பு படம் போட்டு மார்க் வாங்கினேன். கிரவுண்டுக்கு வந்ததும் மாஸ்டர் எங்களுக்கு எதைச் செஞ்சாரோ அதையே செஞ்சேன். அந்தப் பொண்ணு முட்டியை நான்தான் ஒடச்சேன் சார்.”

மோனிஷாவின் அம்மா ஜெயம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்து சண்டை போடுவார் என்று நாங்கள் எதிர்பார்த்தோம். அவர் ஒரு பை நிறைய நிலக்கடலை கொண்டுவந்து லோயிஸ் மிஸ் கையில் கொடுத்து, “எம்பொண்ணு உங்களையே சொல்லிகினு கீறா மிஸ். எப்ப மறுபடி ஆடலாம்னு கேக்கச் சொன்னா” என்றார். திட்டியிருந்தால் மிஸ் தாங்கியிருப்பார். அந்தக் கடலையை வாங்கிக்கொண்டு போய் ஸ்போர்ட்ஸ் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டார்.

அதற்குப் பின்தான் படிக்க வேண்டும் என்ற வெறி வந்தது. சென்னைக்கு அந்தப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் விளையாட்டுப் பயிற்சியியல் முதுகலை இருக்கிறது. இரண்டு வருஷம், அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும். எந்த வயசுப் பிள்ளைக்கு எவ்வளவு பளு கொடுக்கலாம், எப்போது நிறுத்த வேண்டும், விழுந்தால் எப்படி விழ வேண்டும், அடிபட்டவளை எத்தனை மாதத்தில் எப்படி மைதானத்துக்குத் திரும்பக் கொண்டுவருவது என்பதெல்லாம் அதில் பாடம். அந்தப் பாடத்திட்டத்தைப் பிரிண்ட் எடுத்து என்னிடம் காட்டினார். கல்யாணப் பத்திரிகையைக் காட்டுகிற மாதிரி ஒவ்வொரு வரியாகக் காட்டினார். எனக்குப் பாதி புரியவில்லை. ஆனால் முப்பத்தைந்து வயதுக்குள் சேர வேண்டும் என்ற வரி புரிந்தது. அப்போது அவருக்கு முப்பத்து மூன்று.

போன வருஷம் தாளாளரிடம் போய்க் கேட்டார். எங்கள் தாளாளர் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லவே மாட்டார். அந்த ஒரு குணத்தால் பாதிப் பள்ளிக்கூடம் அவரை நல்லவர் என்று நம்புகிறது. “படிப்புக்கா நான் தடை சொல்வேன்? ஜோனல் முடியட்டும்மா” என்றார். ஜோனல் முடிந்தபோது பல்கலைக்கழகத்தில் சேர்க்கை முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது.

இந்த வருஷம் அவர் விட்டுவிடுகிற மாதிரி இல்லை. நகல்களை வைத்து விண்ணப்பித்தார். உடல்தகுதித் தேர்வில் தன்னைவிடப் பத்து வயது சின்னவர்களோடு ஓடினார். எழுத்துத் தேர்வும் எழுதினார். தேர்வானவர்கள் பட்டியலில் பதினான்காவது பெயராக அவர் பெயர் வந்தது. ஒரிஜினலோடு வரச் சொன்னார்கள். தாளாளர் வெளியூர் போயிருந்தார். மிஸ் நகலோடு போய் நிலைமையைச் சொன்னார். அங்கே இருந்தவர்கள் நல்லவர்கள். ஒரிஜினல் எங்களிடம் இருக்கிறது என்று உங்கள் பள்ளி எழுத்தில் கொடுத்தாலும் போதும் என்று சொல்லிப் பத்து நாள் தவணை கொடுத்தார்கள்.

எழுத்தில் கொடுப்பதாவது! வைத்திருப்பதே தப்பு, வைத்திருக்கிறோம் என்று லெட்டர்பேடில் எழுதிக் கையெழுத்துப் போடுவாரா? தாளாளர் அந்தப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. “லெட்டர் எதுக்கும்மா? ஒரிஜினலையே குடுத்துடறேன். எப்ப கடைசி நாள்?”

“ஒன்பதாம் தேதி சார். புதன்கிழமை.”

தாளாளர் காலண்டரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஒன்பதாம் தேதி ஆடிக் கிருத்திகை.

“கிருத்திகையாச்சேம்மா! அன்னைக்கு எவன் ஆபீஸைத் தொறந்து வெச்சுகினு உக்காந்திருப்பான்? கடைசி நாள் லீவுல வந்தா மறுநாள்தான் கணக்கு. நான் காவடி எடுக்கறேன், விரதம். இந்த டென்ஷன்லாம் இப்ப வேணாம். வியாழக்கிழமை காலைல ஒன்பது மணிக்கு நாகேந்திரன் எடுத்து உங்க கையில குடுப்பான். நேரா போய்ச் சேந்துடுங்க.”

மிஸ் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். “ஆமா மிஸ், கிருத்திகைன்னிக்கு எந்த ஆபீஸ் தொறக்கும்?” என்று நானும் சொன்னேன்.

இதை நான் மறைக்கப் போவதில்லை. எங்கள் மூன்று பேருக்கும் அதில் ஒரு துளி சந்தேகமும் வரவில்லை. திருத்தணியில் பிறந்து வளர்ந்தவனுக்கு ஆடிக் கிருத்திகை என்றால் உலகத்துக்கே லீவு. தாலுகா ஆபீஸ், பேங்க், பள்ளிக்கூடம், ரேஷன் கடை எல்லாம் மூடியிருக்கும். ஊருக்குள் வழக்கமான டவுன் பஸ் ஓடாது. லோயிஸ் மிஸ் சபைக்குப் போகிற குடும்பம், ஆனால் கிருத்திகை லீவு அவர்களுக்கும் லீவுதான். அவருடைய அப்பா வருஷா வருஷம் வாசலில் பானை வைத்து நடந்து வருகிறவர்களுக்கு மோர் கொடுப்பார். மிஸ் சென்னையில் படித்த காலத்தில்கூடக் கிருத்திகைக்கு ஊருக்கு வந்துவிடுவாராம். அன்றைக்கு அங்கே காலேஜ் நடந்ததா இல்லையா என்று அவர் பார்த்ததே இல்லை. அது எங்கள் மாவட்டத்துக்கு மட்டும் கலெக்டர் விடுகிற உள்ளூர் விடுமுறை என்பதும், மாவட்ட எல்லை தாண்டினால் அது வெறும் புதன்கிழமை என்பதும் பதினொரு வருஷம் ஆபீஸ் வேலை பார்த்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். லீவு சர்க்குலரை டைப் அடித்ததே நான்தான்.

கிருத்திகை அன்று பள்ளிக்கூட மைதானம் பஸ் நிறுத்துகிற இடமாகிவிடும். ஆரணியிலிருந்தும் புத்தூரிலிருந்தும் நகரியிலிருந்தும் வருகிற காவடிக் கூட்டத்தின் வண்டிகள் கோ-கோ கம்பங்களைச் சுற்றி நிற்கும். வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கும் வாட்ச்மேனுக்கும். தாளாளர் விடிகாலையிலேயே சரவணப் பொய்கையில் குளித்து, மஞ்சள் வேட்டி கட்டி, புஷ்பக் காவடியைத் தோளில் ஏற்றிக்கொண்டு குடும்பத்தோடு மலை ஏறிவிட்டார். விரதத்துக்குப் போனைத் தொட மாட்டார். வீட்டிலேயே அணைத்து வைத்துவிட்டுப் போவார்.

பதினொன்றே முக்காலுக்கு லோயிஸ் மிஸ் மைதானத்துக்குள் ஓடி வந்தார். நடந்து வரவில்லை, ஓடித்தான் வந்தார். வீட்டில் மோர் ஊற்றிக்கொண்டிருந்த கையோடு வந்திருப்பார் போல, துப்பட்டாவெல்லாம் நனைந்திருந்தது.

“சார், யூனிவர்சிட்டியில இருந்து போன் பண்ணாங்க. ஏன் இன்னும் வரலைன்னு கேக்கறாங்க. ஆபீஸ் தொறந்துதான் இருக்காம். இன்னைக்கு அஞ்சு மணி வரைக்கும்தானாம். வெயிட்டிங் லிஸ்ட்ல இருக்கறவங்க அங்கயே உக்காந்துகினு இருக்காங்களாம்.”

“தொறந்திருக்குதா? கிருத்திகைன்னிக்கா?”

“தொறந்திருக்கு சார். பன்னெண்டு அம்பதுக்கு ஒரு ட்ரெயின் இருக்கு. அதுல ஏறிட்டா நாலரைக்குள்ள போயிடுவேன். அதை விட்டா அவ்ளோதான். பீரோவைத் தொறங்க சார்.”

எட்டு வருஷத்தில் அவர் என்னிடம் ஒன்று வேண்டும் என்று கேட்டது அதுதான் முதல் தடவை. ஆபீஸ் அறை இருபது அடி தூரத்தில் இருந்தது. சாவி என் அரைஞாண் கயிற்றில் இருந்தது. ஒரு நிமிஷ வேலை.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாம் மிஸ்” என்று சொன்னேன்.

“அவரே குடுக்கறேன்னு சொன்னாரே சார். நாளைக்குக் குடுக்கறதை இன்னைக்குக் குடுக்கறீங்க, அவ்ளோதானே?”

“நாளைக்குன்னுதானே சொன்னாரு? நானா எடுத்துக் குடுத்துட்டா நாளைக்கு என்னைத்தான் கேப்பாரு. எம்பொண்ணு இங்க படிக்கிறா மிஸ்.”

என் மகள்தான் மோனிஷாவுக்குப் பதிலாக அந்த டீமில் இப்போது கம்பத்துப் பக்கம் ஆடுகிறாள். மிஸ் அதைச் சொல்லிக் கேட்டிருக்கலாம். “சரி சார், கேளுங்க” என்றார்.

“இங்கயே இருங்க. நான் மேல ஓடிப்போய்க் கேட்டுகினு வந்துடறேன்” என்று சொல்லிவிட்டு, இடுப்பில் சாவியோடு, பீரோவை விட்டுவிட்டு, நான் மலை ஏறினேன். இப்போது நினைத்தால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது. அப்போது எனக்கு அது பொறுப்பான காரியமாகத்தான் பட்டது. மூச்சு வாங்க வாங்க ஓடியதில் ஒரு பெருமைகூட இருந்தது, மிஸ்ஸுக்காக எவ்வளவு சிரமப்படுகிறேன் என்று.

முன்னூற்று அறுபத்தைந்து படி. சாதாரண நாளில் இருபது நிமிஷத்தில் ஏறிவிடுவேன். அன்று ஒவ்வொரு படியிலும் பத்துக் கால் இருந்தது. மொட்டையடித்துச் சந்தனம் பூசிய தலைகளும் காவடிகளும் அரோகரா சத்தமும் பம்பை மேளமும். முந்தினால் திட்டினார்கள். நின்றால் பின்னாலிருந்து தள்ளினார்கள். பாதிப் படியில் நின்று பார்த்தபோது கீழே பள்ளிக்கூட மைதானம் தெரிந்தது. பஸ்களுக்கு நடுவில் மிஸ் எங்கே என்று தெரியவில்லை. மணி பன்னிரண்டு நாற்பது ஆகியிருந்தது. அப்போதாவது திரும்பியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். இவ்வளவு தூரம் வந்தாயிற்று, கேட்டுவிட்டே போவோம் என்று நான் நினைத்தேன்.

ஒன்றேகாலுக்குத் தாளாளரைக் கண்டுபிடித்தேன். மேலே மண்டபத்து வரிசையில், காவடியை இறக்கி வைத்துவிட்டு, சொந்தக்காரர்கள் சுற்றி நிற்க, முகமெல்லாம் விபூதியோடு உட்கார்ந்திருந்தார். வேர்த்து விறுவிறுத்து நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். பக்கத்தில் நின்ற பெரிய மனிதர்களும் கேட்டார்கள்.

“ஏன் நாகேந்திரா, சாவி உன்கிட்டதானே இருக்குது?” என்றார்.

“ஆமாங்க சார்.”

“அப்ப எடுத்துக் குடுக்க வேண்டியதுதானே? ஒரு பொண்ணு படிக்கப் போறேன்னு நிக்கிது. அதை நிக்க வெச்சிட்டு இதுக்கா மலை ஏறி வந்தே? நான் என்னைக்காவது குடுக்காதேன்னு சொன்னேனா?”

சொன்னதில்லை. யோசித்துப் பார்த்தால் பதினொரு வருஷத்தில் ஒருநாளும் கொடுக்காதே என்று அவர் வாயால் சொன்னதில்லை. மனசாரத்தான் கேட்டாரா, கூட்டத்துக்காகக் கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சுற்றி நின்றவர்கள் என்னை ஒரு புழுவைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். ஒரு அம்மாள், “இந்த ஆபீஸ்காரங்களே இப்படித்தான்” என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

இறங்கி வந்தபோது மணி இரண்டு. மைதானத்தில் மிஸ் இல்லை. வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்த வாட்ச்மேன் சொன்னார், மிஸ் பன்னிரண்டரை வரைக்கும் படியையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடினாராம். பீரோவைத் திறந்தேன். பிளாஸ்டிக் ஃபைல் மேல்தட்டிலேயே இருந்தது. கைபேசியில் கூப்பிட்டேன்.

“வாங்கிட்டேன் மிஸ்! சார் குடுக்கச் சொல்லிட்டாரு. கையில வெச்சிருக்கேன்.”

ரயில் சத்தம் கேட்டது. “நான் திருநின்றவூர் தாண்டிட்டேன் சார். நேர்ல போய்க் கெஞ்சிப் பாக்கலாம்னு கெளம்பிட்டேன்” என்றார்.

“நான் எடுத்துகினு வரட்டா?”

“நீங்க வந்து சேர ஆறு ஆயிடும் சார். ஒவ்வொண்ணா படம் எடுத்து அனுப்புங்க. காட்டிப் பாக்கறேன்.”

ஜன்னல் வெளிச்சத்தில் மேஜைமேல் பரப்பி வைத்து, ஒவ்வொன்றாகப் படம் எடுத்து அனுப்பினேன். எட்டு வருஷம் மூடியே கிடந்ததால் மடிப்பு மடிப்பாக ஒட்டியிருந்தன. இரண்டு படம் கலங்கிவிட்டது, மறுபடி எடுத்தேன். மாநில அணிச் சான்றிதழில் ஒட்டியிருந்த போட்டோவில் மிஸ்ஸுக்குப் பத்தொன்பது வயது இருக்கும். இரட்டைச் சடை போட்டிருந்தார்.

நாலே முக்காலுக்கு அவரிடமிருந்து போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டிருந்தார். எதிரே உட்கார்ந்திருந்த அதிகாரி என்னிடம் பேச வேண்டும் என்றாராம்.

“நீங்க அந்த ஸ்கூல் கிளார்க்கா? ஒரிஜினல் உங்ககிட்டதான் இருக்கா?”

“ஆமாங்க சார். என் கையிலதான் இருக்குதுங்க.”

“அப்ப ஏன் அவங்க கையில இல்லை?”

நான் வாயைத் திறப்பதற்குள் மிஸ்ஸின் குரல் கேட்டது. “அவர் மேல தப்பு இல்லை சார். இன்னைக்கு ஆபீஸ் லீவு.”

“லீவா?” என்றார் அந்த அதிகாரி. “இன்னைக்கு என்ன லீவு?”

உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார். இங்கே வெளியே ஆயிரம் பேர் அரோகரா என்று கத்திக்கொண்டு போகிறார்கள். அந்த மனிதருக்கு இன்றைக்கு என்ன நாள் என்றே தெரியவில்லை. மிஸ் ஏதோ விளக்கினார். அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஏற்கெனவே ஒரு தடவை தவணை கொடுத்தாயிற்று, கைபேசிப் படத்தை வைத்து இடம் கொடுக்க முடியாது, பதினைந்து நிமிஷத்தில் காத்திருப்புப் பட்டியலில் முதல் ஆளைக் கூப்பிட வேண்டும் என்றார். அடுத்த வருஷம் வாருங்கள் என்று அன்பாகவே சொன்னார். விண்ணப்பத்தில் இருந்த பிறந்த தேதியை அவர் பார்த்திருக்க மாட்டார். லைன் கட்டானது.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தாளாளர் என்னைக் கூப்பிட்டார். விஷயத்தைக் கேட்டு உச்சுக்கொட்டினார். வருத்தம் நிஜமாகத்தான் தெரிந்தது. “பாவம், உன்னாலதான் போச்சு” என்றார். பிறகு, “சரி, ஜோனலுக்கு இன்னும் மூணு வாரம் இருக்கு. மிஸ்ஸை மனசு விடாம பாத்துக்கச் சொல்லு” என்றார். சாயங்காலத்துக்குள் ஸ்டாஃப் ரூம் முழுக்க அந்தச் செய்தி பரவிவிட்டது. தாளாளர் கொடுக்கச் சொல்லியும் கிளார்க் கொடுக்கவில்லையாம். நான் யாரிடமும் மறுத்துப் பேசவில்லை.

நாலே காலுக்கு ஃபைலை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். பஸ் டயர் ஓடிய தடங்களை மண்வெட்டியால் நிரவிவிட்டு, லோயிஸ் மிஸ் ஒற்றை ஆளாகச் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். பிள்ளைகள் ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள், என் மகளும்தான்.

“மிஸ், இதை எடுத்துக்குங்க. இனிமே பீரோவுல வேணாம். உங்ககிட்டயே இருக்கட்டும். யாரு கேட்டாலும் நான் பாத்துக்கறேன்” என்றேன். இரவு முழுக்க யோசித்து வைத்திருந்த வார்த்தைகள் அவை.

அவர் ஃபைலைப் பார்த்தார், வாங்கிக்கொள்ளவில்லை. கையெல்லாம் சுண்ணாம்பு.

“நான் எடுத்துகினு போய் இன்னா சார் பண்றது? வேற ஸ்கூலுக்குப் போனா அங்கயும் ஒரு பீரோ இருக்கும். உள்ளயே வைங்க. வீட்டுல வெச்சா கரையான் அரிக்கும்.”

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் காலில் விழுந்திருப்பேன். நான் அங்கேயே நின்றேன். போகச் சொல்வார் என்று பார்த்தால், சுண்ணாம்பு டப்பாவைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் வந்தார்.

“ஒண்ணு சொல்லணும் சார். மத்த பேரன்ட்ஸுக்கு நாளைக்குச் சொல்லப் போறேன், உங்களுக்கு முதல்ல சொல்லிடறேன். ஜோனலுக்கு டீம் போகாது. போல் டைவை நான் இனிமே யாருக்கும் சொல்லித் தரமாட்டேன். எனக்கு அது சரியா தெரியாது சார். தெரிஞ்சிகினு வந்து சொல்லித் தரலாம்னு இருந்தேன். உங்க பொண்ணு ஒரு மாசமா வலது முட்டி வலிக்குதுன்னு சொல்லிகினு இருக்கா. வீட்டுல சொன்னாளா?”

சொல்லவில்லை. அல்லது சொல்லி நான் கவனிக்காமல் இருந்திருக்கலாம்.

“ஓடினா சரியாயிடும்னு நான் சொல்லல சார்” என்றார் லோயிஸ் மிஸ். “யார்கிட்டயாவது காட்டுங்க. தெரிஞ்சவங்ககிட்ட.”

விசில் ஊதிப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, இன்றைக்குப் பயிற்சி இல்லை, ஜோனலுக்கும் நாம் போகவில்லை, பஸ்ஸுக்குப் போங்கள் என்றார். நான் ஆபீசுக்குப் போய் ஃபைலை மேல்தட்டில் வைத்துப் பூட்டினேன். திரும்பி வந்தபோது என் மகள் கேட் பக்கம் நின்று அழுதுகொண்டிருந்தாள். ஏன் டீம் போகாது, மிஸ்ஸுக்கு என்ன ஆச்சு என்று வழி முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்தாள். வண்டியில் பின்னால் உட்கார்ந்திருந்த அவளுக்கு என் முகம் தெரியாது. வீட்டு வாசலில் இறங்கும்போது காலை ஊன்ற முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.